மணிக்கூண்டைச் சுற்றுலாவிலிருந்து எடுக்காதீர்கள்: எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும் சுற்றுலாக் குழுவினருக்கும்,

இந்த வருடத் திருச்சி, தஞ்சாவூர் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கையைப் படித்தேன். மலைக்கோட்டை இருக்கிறது, ஸ்ரீரங்கம் இருக்கிறது, கல்லணை இருக்கிறது, பெரிய கோயில் இருக்கிறது. காந்தி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் போர் நினைவு மணிக்கூண்டு மட்டும் இல்லை. அதற்கு ஒதுக்கியிருந்த அரை மணி நேரத்தோடு இன்னும் அரை நாளையும் சேர்த்து ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காரணம் கேட்டு எழுதினேன். மூன்றே வரியில் பதில் வந்தது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் சண்டைக்கு வெள்ளைக்காரன் கட்டியது. மார்க்கெட் நெரிசலில் பஸ் நிறுத்த முடியாது. இந்த மூன்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இந்தப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இன்னமும் குடியிருக்கிறேன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த மணிக்கூண்டைச் சுற்றுலாவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டவள் நான். பிள்ளைகளோடு அங்கே போய் நின்றவளும் நான். அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது பிள்ளைகளோடு அங்கே வந்து நின்றிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

'பார்க்க ஒன்றும் இல்லை' என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயரத்தில் அது பெரிய கட்டடம் இல்லை என்பது உண்மை. மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு ரொம்பச் சின்னதாகத்தான் தெரியும். சுற்றிலும் சந்தை இரைச்சல், மூட்டை தூக்குபவர்கள், ஆட்டோ ஹாரன். நம் பிள்ளைகளுக்கு மணிக்கூண்டு என்றால் மின்ட் மணிக்கூண்டு, அதாவது பஸ் ஏற இறங்க ஓர் அடையாளம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ரிப்பன் மாளிகை உச்சியில் இருக்கும் கடிகாரம். மணி பார்க்கத்தான் மணிக்கூண்டு என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகளைத் திருச்சியில் அந்தக் கூண்டின் அடியில் நிறுத்தி, கல்லில் இருப்பதை உரக்கப் படிக்கச் சொல்வேன். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் செய்தி அவ்வளவுதான். அந்த எண்களை இங்கே வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். பிள்ளைகளே போய்ப் படித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு அடங்கும். நான் அடக்கியதே இல்லை, தானாகவே அடங்கும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். முதலில் கேட்டவன் காசிமேட்டிலிருந்து வந்த பையன். கல்லின் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "மிஸ், பேரு எங்க மிஸ்?" என்றான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் இருக்கும் தெருவில் வளர்ந்தவன் அவன். ஆள் போய்விட்டான் என்றால் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

பெயர் இல்லை. அது தற்செயலாக விடுபட்டதும் இல்லை. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். திரும்பாதவர்கள் 74,000 பேர் வரை. டெல்லியில் 1931இல் திறந்த இந்தியா கேட்டில் 13,000 பேருக்கு மேல் பெயர் இருக்கிறது. மீதிப் பேர்? இராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் எல்லாம் இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்களாக நின்றுவிட்டார்கள். நம் மாகாணத்துக் கிராமங்களில் வைத்த போர் நினைவுக் கற்களிலும் இதே கதைதான்.

இதை நம் பழக்கத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, யார், எந்த ஊர், எதற்காக விழுந்தான் என்று எழுதி வைத்த நாடு இது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தலைவனோடு சேர்ந்து கள்வர்களை எதிர்த்து நின்ற நாயின் பெயரும் அதில் இருக்கிறது: கோவிவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குப் பெயர் எழுத நினைத்தார்கள். நூறு வருடத்துக்கு முன் திருச்சியிலிருந்து கப்பலேறிப் போன மனிதனுக்கு எழுத நினைக்கவில்லை. இதை வகுப்பறையில் சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கல்லின் முன்னால் வைத்துச் சொன்னால் கோபப்படுவார்கள். பதின்மூன்று வயதில் அப்படி ஒரு கோபம் வருவது நல்லது என்று நினைக்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்ன இடத்தில் அது நடக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை, இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுலா முடிந்து வந்த அடுத்த வாரம், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி கைக்குட்டையில் முடிந்து ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்தாள். அவள் அம்மாவின் தையல் மிஷின் இழுப்பறையில் பொத்தான்களோடு பொத்தானாகக் கிடந்ததாம். கறுத்துப்போன வெண்கலம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. விளிம்பைத் தேய்த்துப் பார்த்தோம். எழுத்து தெரிந்தது. ஒரு எண், ஒரு பெயர், சுமை தூக்கும் படைப்பிரிவு ஒன்றின் சுருக்கம். அந்தப் பெயர் அவள் தாத்தாவுடைய அப்பாவின் பெயர்.

அந்தப் போர்ப் பதக்கத்தைச் சண்டை போட்டவர்களுக்கு வெள்ளியிலும், சுமை தூக்கவும் மண் வெட்டவும் போன இந்தியர்களுக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். விளிம்பில் வாங்கியவரின் பெயரை வெட்டினார்கள். வெள்ளியாக இருந்திருந்தால் ஏதோ ஒரு கஷ்ட காலத்தில் அடகுக் கடைக்குப் போய் உருகியிருக்கும். வெண்கலத்துக்கு விலை இல்லாததால் தங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா மறுநாள் பள்ளிக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. "எங்க தாத்தாவும் இதே வேலையத்தான் கடல் தாண்டிப் போய்ச் செஞ்சாராம்மா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகத் தெரியாத ஒரு மனிதர் திரும்பக் கிடைத்தார். திருச்சி மார்க்கெட்டில் நின்று "பேரு எங்க?" என்று ஒரு பையன் கேட்டதைக் காதில் வாங்கியதால்தான் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் இழுப்பறையைக் கிண்டினாள். நீர் விளையாட்டுப் பூங்காவில் பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழுப்பறையைத் திறக்க வைக்கும் இடம் அது இல்லை.

சரி, அடுத்த காரணம். வெள்ளைக்காரன் சண்டை, வெள்ளைக்காரன் கட்டிய கூண்டு.

அது நம் சண்டை இல்லை என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 1914இல் நம்மை யாரும் கேட்கவில்லை. 1939இலும் கேட்கவில்லை. வைஸ்ராய் லின்லித்கோ தானாகவே இந்தியாவையும் போரில் சேர்த்து அறிவித்தார். அதைக் கண்டித்துத்தான் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. முதல் போரில் இத்தனை உயிர் கொடுத்ததற்குக் கைம்மாறாக 1919இல் கிடைத்தவை ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த மணிக்கூண்டின் முன்னால் நிற்கும்போது ரௌலட் சட்டம் என்ன துரோகம் என்று எந்த விளக்கமும் இல்லாமல் அவர்களுக்குப் புரியும். கட்டியவர்கள் எதை மறைத்தார்கள் என்பதும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டினான் என்று அதை ஒதுக்கினால், அவன் எழுதாமல் விட்ட பெயர்களை நாமும் சேர்ந்து ஒதுக்குகிறோம்.

போனவர்கள் யார் என்பதையும் யோசியுங்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா என்ற துறைமுகத்தில் இறக்கிவிட்ட படைகளில் ஒன்றின் பெயர் 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, இறங்கியதும் இறங்காததுமாகச் சண்டைக்குத் தள்ளப்பட்டவர்கள். அந்தச் சண்டை படுதோல்வி. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் பாலம் போட்டார்கள், படகு தள்ளினார்கள், செத்தார்கள். குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றப் போன ஏழை வீட்டு ஆண்கள் இவர்கள். அவர்களை அனுப்பிய அரசைக் குறை சொல்ல நமக்கு எல்லா உரிமையும் உண்டு. அவர்களை நினைக்காமல் இருக்க உரிமை இல்லை.

வடசென்னைப் பள்ளி ஒன்று 'இது நமக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலிக்கிறது. முதல் உலகப் போர் இந்தியாவுக்குள் குண்டாக வந்து விழுந்த இடம் நம்முடைய கரை. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தைப் பார்த்து 130 குண்டுகள் வரை சுட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன. நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்று அடிபட்டது, உயிர்களும் போயின. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் இருந்தது. குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு இன்றைக்கும் அந்த வளாகத்துச் சுவரில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பிராட்வேக்குப் பஸ்ஸில் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறார்கள். எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறோம்?

இரண்டாவது போரும் நம் தெருக்களுக்குள் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னை காலியானது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிச் சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் நிஜமாகவே வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. என் அம்மா அப்போது சின்னப் பெண். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியதையும், விளக்கை முறத்தால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டதையும் சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டார்.

வியாசர்பாடியிலிருந்து நம் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பலர் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள். பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும்போது இது எப்படி இங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1960களில் வந்தவர்கள் பலர். 1942இலேயே ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பாட்டியை ஒரு வருடம் வகுப்புக்கு அழைத்துவந்தோம். அவர் தங்கையை வழியில் ஓர் ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். புதைக்கக்கூட நேரமில்லை என்றார். அவரை அழைத்துவந்த பேத்தி, அதற்கு முந்தின மாதம் திருச்சியில் அந்தக் கல்லின் முன்னால் நின்றவள். பாட்டியிடம் கேட்கலாம் என்று அவளுக்கு அங்கேதான் தோன்றியது. அந்தப் பாட்டி இன்று இல்லை. அப்படிக் கேட்காமல் விட்ட பாட்டிகள் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கழகத்தில் ஒருவர் தொலைபேசியில் வேறொன்று சொன்னார். போர் நினைவுச்சின்னம் என்றால் இங்கேயே கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, பஸ்ஸிலிருந்தே காட்டிவிடலாம் என்றார். அந்த வெற்றிப் போர் நினைவுச்சின்னம் நமக்கு நடந்து போகிற தூரம் என்றே சொல்லலாம். முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுப்பி, பிறகு இரண்டாவது போரிலும், விடுதலைக்குப் பின் வந்த போர்களிலும் இறந்தவர்களுக்கும் உரியதாக ஆனது. குடியரசு தினத்தில் ஆளுநர் மலர்வளையம் வைக்கிற இடம். அங்கேயும் கட்டாயம் போக வேண்டும், இறங்கிப் போக வேண்டும், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து காட்டினால் போதாது. ஆனால் அது திருச்சிக் கூண்டுக்கு மாற்று ஆகாது. இங்கே அரசு மரியாதையோடு நினைக்கிறது. அங்கே சந்தைக்கு நடுவில், காய் வாங்க வருகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நடுவில், அவர்களைப் போன்றவர்களின் கணக்கு நிற்கிறது. நம் பிள்ளைகள் மூட்டை தூக்குகிறவர்களின், மீன் ஏலம் எடுக்கிறவர்களின், தையல் தைக்கிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு எந்த இடம் நெருக்கமாகத் தெரியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பஸ் நிறுத்த இடமில்லை என்ற மூன்றாவது காரணம் சுலபமாகத் தீரும். மார்க்கெட்டுக்குள் பஸ்ஸைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. மலைக்கோட்டையில் இறங்கிய பிள்ளைகளைப் பெரிய கடைவீதி வழியாக வரிசையாக நடத்தியே கூட்டிப்போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர், நடுவில் இரண்டு பெற்றோர். சாலையைக் கடக்கும் இடத்தில் போக்குவரத்துக் காவலரிடம் கேட்டால் நிறுத்திவிடுவார், எப்போது கேட்டாலும் உதவியிருக்கிறார்கள். நெரிசல் குறைந்த பகல் வேளையாகப் பார்த்துப் போனால் போதும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்ந்ததால் இந்த வருடம் தலைக்குக் கட்ட வேண்டிய தொகை கூடியிருக்கிறது. என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் வரவில்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருத்தியின் அம்மா வீட்டு வேலை செய்கிறவர், ஒருவனின் அப்பாவுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. கட்டணமே இல்லாத ஓர் இடத்தை எடுத்துவிட்டு, கட்டணம் வாங்கும் இடத்தைச் சேர்த்து, அதனால் ஏழைப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம். இது நீங்கள் வேண்டுமென்று செய்ததில்லை என்று நம்புகிறேன். ஆனால் நடந்திருக்கிறது, திருத்த வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

மணிக்கூண்டை இந்த வருடத் திட்டத்திலேயே மறுபடி சேருங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில் வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் இந்தச் சுற்றுலா கிடையாது. அரை மணி நேரம் கொடுத்தால் போதும். பூங்காவை அடியோடு எடுக்கச் சொல்லவில்லை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் போகிற மாதிரி மாற்றுங்கள். அதைச் சாக்காக வைத்து எந்தப் பிள்ளையும் முழுச் சுற்றுலாவையும் இழக்கக்கூடாது. பெயரை எடுத்துக்கொண்ட வீடுகளுக்கு வகுப்பாசிரியர் மூலமாகச் செய்தி அனுப்பி, பழைய தொகையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு சனிக்கிழமை காலையில், உயர் நீதிமன்றச் சுவரிலுள்ள எம்டன் கல்வெட்டையும், அங்கிருந்து வெற்றிப் போர் நினைவுச்சின்னத்தையும் பிள்ளைகளுக்கு இறங்கி நின்று காட்ட ஏற்பாடு செய்யுங்கள். மாநகரப் பேருந்திலேயே போய் வந்துவிடலாம். கூட வர நான் தயார், எந்த ஊதியமும் வேண்டாம். ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சுற்றுலா முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர ஒரு தாள் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது பட்டாளத்துக்கோ, போர்க்கால வேலைக்கோ போனார்களா, பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்தார்களா, அவர்கள் பெயர் என்ன, என்ன ஆனார்கள் என்று. மதிப்பெண் எதுவும் வேண்டாம். பதக்கம், புகைப்படம், பழைய காகிதம் ஏதாவது இருந்தால் பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளாமல், படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிடைக்கும் பெயர்களை ஒரு பதிவேட்டில் தமிழில் எழுதி நூலகத்தில் வைக்க அனுமதி தாருங்கள். பதிவேட்டை நான் வாங்கித் தருகிறேன். தண்டையார்பேட்டைக் குடும்பத்திடம் கேட்டுவிட்டேன், முதல் பெயராக அந்தப் பதக்கத்தில் இருப்பவரின் பெயரை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

சுற்றுலாப் பணம் கட்டக் கடைசித் தேதி இந்த மாத இறுதி என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. அதற்குள் கழகக் கூட்டத்தைக் கூட்டி இதை விவாதத்துக்கு எடுங்கள். எந்தப் பெற்றோரும் வந்து பேசலாம் என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள். நானும் வருகிறேன், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை